மிஷன் ஆஸ்பத்திரி

தமிழ் பேசும் ஊர்களில் கிறித்தவத் திருச்சபைகளும் அவற்றின் ஊழியச் சங்கங்களும் தொடங்கி நடத்திய மருத்துவமனைகளை மக்கள் ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாய், தென் திருவிதாங்கூரின் நெய்யூர், வட ஆர்க்காட்டின் இராணிப்பேட்டை, வேலூர் ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. அரசு மருத்துவம் பெரிய ஊர்களோடு நின்றுவிட்ட காலத்தில், சிற்றூர்க்காரர்களும் மலைவாழ் மக்களும் தொழுநோயாளிகளும் மேனாட்டு மருத்துவத்தை முதலில் கண்டது பெரும்பாலும் இந்த ஆஸ்பத்திரிகளின் திண்ணைகளில்தான். ஏறத்தாழ இருநூறு ஆண்டு நீளும் இந்த வரலாற்றை வெள்ளைக்கார டாக்டர்களின் தியாகக் கதையாகவே எழுதிவைப்பது வழக்கம். அப்படி எழுதும்போது முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது. வந்த டாக்டர் உள்ளூர்க்காரர்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஆஸ்பத்திரி நிலைத்தது. ஒருவருடைய கைராசியை மட்டும் நம்பியிருந்த இடங்களில் அவரோடு அதுவும் போயிற்று.

தொடக்கம்

1706-இல் தரங்கம்பாடியில் கால்வைத்த டேனிய-ஹாலே மிஷன், பின்னர் மருத்துவர்களையும் வரவழைத்தது. 1730-இல் வந்த ஷ்லேகெமில்ஷ் சிறிது காலத்திலேயே இறந்துபோனார். 1732-இல் அவர் இடத்துக்கு க்னோல் வந்தார். இவர்கள் முதன்மையாக மிஷனரிகளின் உடல்நலம் காக்க அனுப்பப்பட்டவர்கள். ஊராருக்கென்றே மருத்துவ ஊழியம் என்ற ஏற்பாடு அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் உருவாயிற்று.

அதைத் தொடங்கியவர் ஜான் ஸ்கடர். நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர், நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்தபோது கைக்குக் கிடைத்த சமயத் துண்டுப்பிரசுரம் ஒன்றைப் படித்து மனம் மாறி 1819-இல் கப்பலேறினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டு ஊழியத்துக்குச் சென்ற முதல் மருத்துவர் அவர். பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியம் பார்த்தார். 1836-இல் சென்னைக்கு மாறினார். அவருடைய பிள்ளைகள் 1853-இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். அவர்களுள் ஒருவரான சைலஸ் ஸ்கடர் 1866-இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை திறந்தார். அந்தக் குடும்பம் நான்கு தலைமுறையாகத் தமிழ்நாட்டு மருத்துவத்தோடு பின்னிக் கிடந்தது.

மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம்

ஸ்கடர் விட்டுச்சென்ற யாழ்ப்பாணத்துக்கு 1847-இல் வந்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊர்க்காரர். மானிப்பாயில் அவர் தொடங்கிய மருத்துவமனை இன்றும் கிரீன் நினைவு மருத்துவமனை என்ற பெயரில் இருக்கிறது. ஆனால் கட்டடத்தைவிட அவர் நடத்திய வகுப்பே பெரிய காரியம். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மாணவர்கள் அரசு வேலைக்கும் நகரத்துக்கும் போய்விடுவதைக் கண்டார். கிராமத்தில் தங்கக்கூடிய வைத்தியர் வேண்டுமானால் பாடம் தமிழில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, 1860-களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். இந்த முடிவைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மருத்துவக் கல்வியைத் தமிழில் தருவது பற்றி நாம் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அவர் மொழிப்பற்றினால் அதைச் செய்யவில்லை. ஊருக்கு டாக்டர் கிடைப்பதற்கு அதுவே வழி என்ற நடைமுறைக் கணக்கு அவரை அங்கே கொண்டுவந்தது.

பாடநூல்கள் இல்லை, அவற்றை அவரும் மாணவர்களுமாக உண்டாக்கினர். ‘பிரசவ வைத்தியம்’ 1857-இல் வந்தது. ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என அடுத்தடுத்து ஆயிரக்கணக்கான பக்கங்கள் அச்சேறின. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழிக்குப் போவது, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுவது என்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். மதம் மாறிய மாணவர்கள் கால்சட்டையும் தொப்பியுமாக நடமாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை; வேட்டி சால்வையோடு இருக்கவே சொன்னார். அவரிடம் அறுபதுக்கும் மேற்பட்டோர் பயின்று வெளியேறினர்.

1873-இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பிய பிறகும், 1884-இல் இறக்கும்வரை தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் போனபின் தமிழ்வழி வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1870-இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டிருந்தது. அரசாங்கத்தின் அங்கீகாரமும் சம்பளமும் அந்தப் பக்கம் இருந்தன. மானிப்பாய் ஆஸ்பத்திரி தழைத்தது, தமிழில் டாக்டரை உருவாக்கும் முயற்சி அற்றுப்போயிற்று. இந்த வரலாற்றில் ஏற்பட்ட இழப்புகளுள் இதுவே பெரியது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. 1890-களின் இறுதியில் இணுவிலில் பெண்களுக்கென்று எழுந்த மக்லியோட் மருத்துவமனை இதே அமெரிக்க மிஷனின் அடுத்த வரவு.

நெய்யூர்

தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன் 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சேயை நெய்யூருக்கு அனுப்பியது. தொடர்ச்சி அறுந்தறுந்து நடந்த பணி, 1861-இல் வந்த ஜான் லோ காலத்தில் நிலைபெற்றது. அவரும் கிரீனைப் போலவே ஒரு வகுப்பு வைத்தார். அதில் தேறிய உள்ளூர் இளைஞர்கள் சுற்றுவட்டாரத்தில் கிளை மருந்தகங்களை நடத்தினர். கிளைகளின் வலை கொல்லம் பக்கத்துக் குண்டறை வரை விரிந்தது. உலகிலேயே பெரிய மருத்துவ மிஷன் என்று நெய்யூரைச் சொல்லும் அளவுக்கு அது வளர்ந்ததற்கு இந்த உதவி டாக்டர்களே காரணம். அவர்களுடைய பெயர்கள் மிஷன் அறிக்கைகளுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

நெய்யூரின் புகழ்பெற்ற பெயர் தியடோர் ஹோவர்ட் சாமர்வெல். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏற முயன்ற பிரிட்டிஷ் குழுக்களில் இருந்தவர். இரண்டாம் முறை சுமார் 8,500 மீட்டர் உயரம் வரை போனவர். முதற்பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் மாண்டது அவரை வெகுவாகப் பாதித்தது. ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், நெய்யூரில் ஒரே டாக்டர் பெருங்கூட்டத்தோடு மல்லாடுவதைக் கண்டு, இலண்டனில் காத்திருந்த அறுவை மருத்துவர் வாழ்வை உதறிவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கே கத்தி பிடித்தார். பிறகு வேலூரில் மாணவர்களுக்குக் கற்பித்து 1961-இல் ஓய்வு பெற்றார்.

இந்த ஆஸ்பத்திரிகளின் அன்றாடம் நகரத்து மருத்துவமனையைப் போன்றதன்று. நோயாளியோடு குடும்பமே மாட்டுவண்டி கட்டி வந்து இறங்கும். வளாகத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கும். சாதி பார்த்துத் தனியே சமைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பல இடங்களில் மிஷனும் இணங்கிப்போயிற்று. பணமுள்ளவரிடம் வாங்கி, இல்லாதவருக்குச் செலவிடுவது பொது விதி. வெளிநாட்டு நன்கொடை கட்டடம் கட்ட உதவியது. அன்றாடச் செலவுக்கு நோயாளிகள் தந்த சில்லறையே பெரிய ஆதாரமாக இருந்த ஆஸ்பத்திரிகள் பல.

பெண்களும் செவிலியமும்

ஆண் மருத்துவர் பெண்ணைத் தொட்டுப் பார்க்க வீட்டார் விடாத சமூகத்தில், பெண் மருத்துவர் இல்லாமல் பாதி ஊருக்கு மருத்துவமே இல்லை. முறையாகப் படித்த முதல் பெண் மிஷன் மருத்துவரான கிளாரா ஸ்வெயின் 1870-இல் வடக்கே பரேலியில் பணி தொடங்கினார். எடித் பிரவுன் 1894-இல் லூதியானாவில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார்.

செவிலியர் பணிக்கு ஆள் சேர்ப்பது டாக்டரைத் தேடுவதைவிடக் கடினமாக இருந்தது. பிறர் உடலின் கழிவைத் தொடுவது தீட்டு. முன்பின் தெரியாத ஆணைக் குளிப்பாட்டுவது மானக்கேடு. இந்த இரண்டு தடைகளையும் தாண்டி முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறித்தவப் பெண்கள்: ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பத்தவர், விதவைகள், மிஷன் விடுதிகளில் வளர்ந்த அநாதைப் பெண்கள். விடுதலைக்கு முன் இந்தியச் செவிலியரில் மிகப்பெரும்பாலோர் கிறித்தவர்களாக இருந்ததன் காரணம் இதுதான். நம் வீடுகளில் ‘சிஸ்டர்’ என்று மதிப்போடு கூப்பிடும் வேலை, ஒரு காலத்தில் பெண்ணுக்கு வரன் கிடைக்காமல் செய்யும் வேலையாக இருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் தடை வேறு விதம். கன்னியர் மருத்துவத் தொழில் செய்வதையும் பிரசவம் பார்ப்பதையும் திருச்சபைச் சட்டமே அனுமதிக்கவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி, போப்பின் தனி அனுமதி பெற்று 1920 முதல் குண்டூரில் பணி செய்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை அமைத்தார். இராவல்பிண்டியில் பணியாற்றிய அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவச் சகோதரியர் சபையை நிறுவித் தொடர்ந்து வாதாடினார். ரோம் 1936-இல்தான் தடையை விலக்கிற்று. இன்று சிற்றூர்தோறும் காணும் கன்னியர் நடத்தும் மருந்தகங்கள் அதற்குப் பின் பெருகியவை.

வேலூர்

முதல் ஸ்கடரின் பேத்தி ஐடா 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். திண்டிவனத்தில் தந்தையோடு இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்ததும், ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனதும், மூன்று பெண்களும் இறந்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்த இரவுக்குக் கிடைத்த வெளிச்சம், அதன்பின் அவர் செய்த நெடுங்கால நிர்வாகத்துக்குக் கிடைக்கவில்லை.

கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்று மறு ஆண்டு வேலூர் வந்தார். பங்களாவின் ஒரு சிற்றறையில் நோயாளிகளைப் பார்த்தார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலரில் 40 படுக்கை கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் திறந்தது. வரமுடியாதவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலையில் அவர் போகத் தொடங்கினார். வழியில் மரத்தடிகளில் கூட்டம் காத்திருக்கும். வண்டியை நிறுத்தி, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, பல் பிடுங்கி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த மரத்தடிக்கு நகர்வார். 1909-இல் பெஜோ கார் ஒன்று வந்தது; குதிரையில்லாமல் ஓடும் வண்டியைக் கண்டு மிரண்டவர்கள் பிறகு அதற்கே காத்திருந்தனர். அதே ஆண்டு செவிலியர் பள்ளியும் தொடங்கிற்று.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மாகாண மருத்துவத் துறைத் தலைவர் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்பே எச்சரித்திருந்தார். முதல் அணியில் சேர்ந்த 17 பேரில் 14 பேர் இறுதித் தேர்வெழுதினர். 14 பேரும் தேறினர். 1930-களின் இறுதியில் பெரிய நெருக்கடி வந்தது. எல்.எம்.பி. என்ற பட்டயப் படிப்பு இனிச் செல்லாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயரவேண்டும் என்றது அரசு. அதற்கு வேண்டிய பேராசிரியர்களும் பணமும் கிடைக்க வேண்டுமானால் எல்லாத் திருச்சபைகளும் சேரவேண்டும், ஆண்களையும் சேர்க்கவேண்டும். பெண்களுக்கென்று தாங்கள் திரட்டிய பணத்தை ஆண்களுக்குத் தருவதா என்று அமெரிக்கப் புரவலர்கள், ஐடாவின் நெடுநாள் துணையான லூசி பீபாடி உட்பட, கடுமையாக எதிர்த்தனர். எழுபதைத் தாண்டிய ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-இல் பல்கலைக்கழக இணைப்பு கிடைத்தது. 1947-இல் ஆண்கள் சேர்ந்தனர். பெண்களுக்கென்று எழுந்த நிறுவனம் அந்தத் தனித்தன்மையை விட்டுக்கொடுத்து உயிர் பிழைத்தது. வேறு வழி இருக்கவில்லை என்றாலும் புரவலர்களின் கோபத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. இந்தியர் கைக்கு நிர்வாகம் மாறியபோது முதலில் பொறுப்பேற்றவர் ஹில்டா லாசரஸ் என்ற பெண் மருத்துவர். ஐடா 1960-இல் கொடைக்கானலில் காலமானார்.

தொழுநோயும் மலைகளும்

தொழுநோயாளிகளுக்கான மிஷன் 1874-இல் வெல்லெஸ்லி பெய்லியால் அமைக்கப்பட்டது. நெடுங்காலம் அதன் வேலை புகலிடம் தருவதாகவே இருந்தது. அதை மாற்றியவர்களுள் பால் பிராண்ட் முக்கியமானவர். 1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர் அவர். தந்தை ஜெஸ்ஸி அங்கேயே 1929-இல் காய்ச்சலில் இறந்தார். தாய் எவலின் ஓய்வு வயதுக்குப் பிறகு மலைக்குத் திரும்பி, குதிரைமீதேறிக் கொல்லிமலை, கல்வராயன்மலை, பச்சைமலைச் சிற்றூர்களில் மருந்து கொடுத்தார். 95 வயதில் 1974-இல் இறந்து கணவரின் பக்கத்தில் அடக்கமானார்.

பால் பிராண்ட் 1946-இல் வேலூர் வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுவதாகவே அதுவரை நம்பினர். உணர்ச்சி மரத்துப்போன கை சூடும் காயமும் தெரியாமல் சிதைகிறது என்று அவர் காட்டினார். மடங்கிப்போன விரல்களை 1948 முதல் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். புண் வராத செருப்புக்கு நுண்துளை ரப்பரைத் தேடிப்பிடித்தார்; தொழுநோய் மருந்தகங்களில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று இன்றும் தருவது அதைத்தான். 1955-இல் கரிகிரியில் ஆராய்ச்சி மையம் எழுந்தது. அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார்; 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவமனை உருவாக அவரே காரணம்.

மருந்தும் மதமும்

மருத்துவ ஊழியம் எதற்காக? 19-ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் இதற்கு மழுப்பாமல் பதில் சொன்னார்கள்: சுவிசேஷத்துக்குக் கதவு திறக்க. காலையில் ஜெபமும் பிரசங்கமும் முடிந்தபின்னரே பல ஆஸ்பத்திரிகளில் மருந்துச் சீட்டு கிடைத்தது. படுக்கை படுக்கையாக வேதாகமப் பெண்கள் போய்ப் பேசினார்கள். சிகிச்சையைத் தூண்டிலாக்குவதைக் காந்தி 1930-களில் வெளிப்படையாகக் கண்டித்தார். மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழுவும் 1956-இல் அதையே குற்றச்சாட்டாக எழுதியது. திருச்சபைக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஹாக்கிங் தலைமையிலான குழு, பிரசங்கக் கட்டாயமில்லாமல் சேவை நடக்கவேண்டும் என்று 1932-இல் அறிக்கை தந்து மிஷன் சங்கங்களின் கோபத்தைச் சம்பாதித்தது. நடந்தது என்னவென்றால், நோயாளிகளில் மிகப்பெரும்பாலோர் பிரசங்கத்தையும் கேட்டு, மருந்தையும் வாங்கிக்கொண்டு, தங்கள் சாமியைக் கும்பிட்டபடியே வீடு திரும்பினார்கள். தென்னகத்தில் திரளாக நடந்த மதமாற்றங்களுக்கு ஆஸ்பத்திரியைவிடச் சாதிக் கொடுமையே வலுவான காரணம். அதற்காக, வலியோடு காத்திருப்பவரிடம் போதனை செய்தது சரியாகிவிடாது.

இதே காலத்தில் மாற்றுப் பாதை ஒன்றும் இருந்தது. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை அமைத்த மருத்துவர்கள் எஸ். ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் கதர் உடுத்தி, எளிய உணவுண்டு வைத்தியம் பார்த்தனர். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர்.

ஊரே மருத்துவர்

வேலூரில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி 1970-இல் மகாராட்டிரத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேடுக்குப் போனார்கள். ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்து (பெரும்பாலும் எழுத்தறியாதவர், பலர் தலித்துகள்) பிரசவமும் குழந்தை நலமும் கற்றுக்கொடுத்தனர். நல்ல குடிநீரும் போதிய உணவும் இருந்தால் ஆஸ்பத்திரிக் கூட்டம் பாதியாகும் என்பது அவர்களின் அனுபவப் பாடம். உலகத் திருச்சபைகள் மன்றம் 1968-இல் ஜெனீவாவில் அமைத்த கிறித்தவ மருத்துவ ஆணையமும் அதையே பேசிக்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்ட முன்மாதிரித் தொகுப்பில் ஜாம்கேடு இடம்பெற்றது. 1978-இல் அல்மா-ஆட்டா பிரகடனம் ஆரம்ப சுகாதாரத்தை உலகக் கொள்கையாக்கியதில் இவற்றுக்குப் பங்குண்டு. ஆரோலே தம்பதிக்கு 1979-இல் மகசேசே விருது கிடைத்தது.

இன்றைய நிலை

விடுதலைக்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெருகின. வெளிநாட்டு டாக்டர்களின் வருகையும் நன்கொடையும் குறைந்தன. நகரந்தோறும் தனியார் மருத்துவமனைகள் முளைத்தன. பல மிஷன் ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டன. சில, சுற்றிலும் மதிப்பேறிய நிலத்தையும் திருச்சபை வழக்குகளையும் சுமந்துகொண்டு பெயரளவில் இருக்கின்றன. ஐடா தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) எதிர்த்திசையில் போயிற்று. 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அங்கே நடந்தது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. புகழ் ஏற ஏறப் பக்கத்து ஊர் ஏழை பின்னுக்குப் போகும் ஆபத்தை நிறுவனமும் உணர்ந்திருந்தது. பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய சமூக நலப் பிரிவும், கே.வி. குப்பத்தில் 1977-இல் தொடங்கிய ‘ருசா’ என்ற ஊரக நலப் பிரிவும் அதற்கான ஈடுகட்டல்.

தொலைதூர மருத்துவமனைகளுக்கு டாக்டர் அனுப்புவதற்கு சி.எம்.சி. வைத்திருந்த வழி எளியது: திருச்சபை பரிந்துரைத்த மாணவரைச் சேர்ப்பது, படிப்பு முடிந்ததும் அவர் இரண்டு ஆண்டு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பது. அசாமின் மூலையில் மூடிக்கிடந்த மகுண்டா மருத்துவமனை 1990-களில் மீண்டும் உயிர் பெற்றதும் வேலூரில் பயிற்சி பெற்றவர்களால்தான். நீட் தேர்வு கட்டாயமானபோது தன் சேர்க்கை முறைக்கு அது இடையூறு என்று சி.எம்.சி. வாதிட்டது, 2017-இல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பியது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.